பிரேக் போட்டவரும் பெடல் மிதித்தவரும்

ரிஷிவந்தியம் கூட்டு ரோடு,
ஆவணி மாதம், 1989.

அன்பு மகள் வக்கீலம்மா அமிர்தத்துக்கு, மூணாங்கிளாஸ் தாண்டாத உன் அப்பா செல்லமுத்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கம்மாவும் ரெண்டு ஆடும் ஒரு குறையில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் உன் கறுப்புக் கோட்டும் உன் சீனியரும் சீனியர் வீட்டு சாம்பாரும் அதேபோல இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், சிரிப்பதாக இருந்தால் இப்போதே சிரித்து முடித்துவிடு, பின்னால் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது. போன மாசம் கள்ளக்குறிச்சியில் உங்கள் தொழிலாளர் சங்கக் கூட்டம் நடந்ததே, வீட்டுக்கு வர நேரமில்லை அப்பா, பேசி முடித்ததும் மெட்ராஸ் வண்டி ஏறணும் என்று நீ கார்டு போட்டிருந்தாயே, அந்தக் கூட்டத்துக்கு நான் வந்திருந்தேன். மேடைப் பக்கம் வரவில்லை. கடைசியில் கரும்புச் சாறு வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். சும்மா நின்றிருந்தால் பரவாயில்லை, பக்கத்தில் நின்ற நாலு பேரிடம் அது நம்ம பொண்ணுதான் என்று சொல்லி வைத்திருந்தேன். நீ மைக்கைப் பிடித்து, நான் இந்த வேலைக்கு வந்ததற்கு ஒரே ஒரு மனுசன்தான் காரணம், அவர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார் என்று சொன்னாய். அந்த நாலு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ரெண்டு அடி முன்னால் வந்து கும்பிடுவதற்குக் கையைத் தூக்கினேன். நீ டிரைவர் தெய்வசிகாமணிப் பெரியப்பா என்றாய். கூட்டம் கை தட்டியது. தூக்கின கையை இறக்க எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை, அப்படியே கரும்புச் சாறுக்காரனைப் பார்த்து ஒரு கிளாஸ் குடுப்பா என்று சொல்லிவிட்டேன். குடித்தேன். ஐஸ் ஜாஸ்தி.

அம்மாடி, செல்லமுத்துவுக்குப் பொறாமை கிடையாது என்று இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், உங்கம்மா ஒருத்தியைத் தவிர. ஆனாலும் நீயே நியாயம் சொல்லு, வக்கீலாச்சே. கூட்டு ரோட்டில் நீ வருகிற வரைக்கும் பஸ்ஸை நிறுத்தி ரெண்டு ஆரன் அடிப்பார், ஆறாங்கிளாஸிலிருந்து பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் ஒரு நாள்கூட உன்னை விட்டுவிட்டுப் போனதில்லை, வேலை செய்கிறவன் இன்னொருத்தருக்காக நிற்பது எப்படி என்று அவரிடம்தான் கற்றேன் என்று பேசினாய். வாஸ்தவம்தான், நான் மறுக்கவில்லை. ஏரிக்கரை மேல் உன்னை கேரியரில் உட்கார வைத்து, முன்னால் கருவாட்டுக் கூடையைத் தொங்கவிட்டு, அந்த வாசத்துக்கு ஊர் நாயெல்லாம் பின்னால் ஓடிவர, மழையிலும் சேற்றிலும் கூட்டு ரோடு வரைக்கும் மிதித்துக்கொண்டு வந்தவன் யார். அவர் பிரேக் போட்டார், நான் பெடல் மிதித்தேன். பிரேக்குக்கு மைக்கு, பெடலுக்குக் கரும்புச் சாறு. அதுவும் போகட்டும், பெரியப்பா என்று எதற்குச் சொன்னாய். தெய்வசிகாமணி என்னைவிட ரெண்டு வயசு சின்னவர், மண்டையில் முடி கொட்டிப்போனதால் பெரியவராகத் தெரிகிறார். சித்தப்பா என்று சொல்லியிருந்தால்கூட என் மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். இதை உங்கம்மாவிடம் சொன்னேன். அதுக்கு அவள், யோவ், நாப்பத்தெட்டு வயசுல பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி இன்னாயா இது, அவ உன் பேரச் சொல்லியிருந்தா நீ மேடைமேல ஏறிப் பாட்டே பாடிட்டு இருப்ப, அதுக்குப் பயந்துகினுதான் சொல்லாம வுட்டா என்று சிரித்தாள். ரெண்டு நாள் அவளோடு பேசவில்லை, அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

தெய்வசிகாமணி ஒருத்தர் என்றால் பரவாயில்லை. நீ மெட்ராஸ் போனதிலிருந்து எனக்குப் போட்டிக்கு ஆள் ஜாஸ்தி ஆகிக்கொண்டேதான் வருகிறது. முதலில் உன் சீனியர். சீனியர் இப்படிச் சொன்னார், சீனியர் அப்படிச் சொன்னார், முதலாளி பக்கம் நின்றால் காசு வரும், தொழிலாளி பக்கம் நின்றால் தூக்கம் வரும் என்று சீனியர் சொன்னார் என்றெல்லாம் எழுதுவாய். நான் சொன்னது எதையாவது யாருக்காவது எழுதியிருக்கிறாயா. அப்புறம் அந்தப் பல்லாவரத்துத் தோல் கம்பெனிப் பொம்பளைங்க. வயிற்றுப் பிள்ளைக்காரி என்று வேலையை விட்டு நிறுத்தினார்களே ஒருத்தியை, நீ கோர்ட்டில் பேசி திரும்ப உள்ளே அனுப்பினாயே, அவள் தன் குழந்தைக்கு உன் பேரை வைத்துவிட்டாள் என்று எழுதியிருந்தாய். சந்தோஷம். அந்தப் பேரை உனக்கு வைப்பதற்கு நான் உன் அம்மா வீட்டு ஆட்கள் அத்தனை பேரோடும் சண்டை போட்டேன், கொளஞ்சி என்று வை என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். நான் சண்டை போட்டு வாங்கின பேரை அவள் சும்மா எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இதையெல்லாம்விட இன்னொன்று. போன வாரம் கடலூரில் சரக்கு எடுத்துக்கொண்டு உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறுவதற்கு நின்றபோது டீக்கடையில் லாரிக்காரர்கள் பேசிக்கொண்டிருந்தார்கள். நம்ம வக்கீலம்மா இருக்குதே, கள்ளக்குறிச்சிப் பக்கத்துப் பொண்ணு, கம்பெனி வாசல்ல நம்ம ஆளுங்களோட தரையில குந்திகினு சாப்புடுது, டீக்கு சக்கரை மட்டும் போட வாணாம்னு சொல்லிடும் என்றான் ஒருத்தன். நீ எப்போதிருந்து சர்க்கரை இல்லாமல் டீ குடிக்கிறாய். இங்கே இருந்த வரைக்கும் டீயில் சர்க்கரை கம்மி என்று உங்கம்மாவோடு மல்லுக்கு நிற்பாய். முன்னே பின்னே தெரியாத லாரிக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. நான்தான் அவள் அப்பன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. காலடியில் கருவாட்டு மூட்டையைப் பார்த்தேன். சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். அதை நீ ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

வீட்டுச் சேதி என்று பெரிதாக இல்லை. வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டது, ஒன்று தங்கவில்லை, இன்னொன்று உங்கம்மா புடவைத் தலைப்பைத் தின்றே வளர்கிறது. உங்கம்மாவுக்கு முட்டிவலி இருக்கிறது, ஆனால் நடவுக்குக் கூப்பிட்டால் வலி இல்லை, நான் ஒரு செம்பு தண்ணீர் கேட்டால் உடனே வந்துவிடுகிறது. எதிர் வீட்டு இருசம்மாள் உன் கல்யாணத்தைப் பற்றி வாரத்துக்கு ஒரு தடவை கேட்கிறாள், வர்ற மாப்பிள்ளைக்கு நாங்க போடற கண்டிஷனைக் கேட்டா ஓடிப்போயிடறான் என்று சொல்லி வைத்திருக்கிறேன், என்ன கண்டிஷன் என்று அவளும் கேட்கவில்லை, நானும் இன்னும் யோசிக்கவில்லை. உங்கம்மா மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் போய்த் தெய்வசிகாமணிக்குப் போன வேலை திரும்பக் கிடைக்கணும் என்று பிராது எழுதிக் கட்டிவிட்டு வந்திருக்கிறாள். சாமிக்கே மனு போட்டாகிவிட்டது, எந்தக் கோர்ட்டில் முதலில் தீர்ப்பு வருகிறது என்று பார்க்கலாம், நீ கொஞ்சம் வேகமாக நடத்து, சாமியிடம் தோற்றால் தப்பில்லை, உங்கம்மாவிடம் தோற்றால் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள். வெள்ளிக்கிழமை மறக்காமல் தலைக்கு எண்ணெய் வை. கம்பெனி வாசலில் உட்கார்ந்து சாப்பிடு, வேண்டாம் என்று சொல்லவில்லை, வெயிலில் உட்காராதே.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். போன கடிதத்தில் தெய்வசிகாமணி கேஸ் பற்றி நீ எழுதியதை நான் ரெண்டு தடவை படித்தேன், எனக்குப் புரிந்ததைத் திருப்பிச் சொல்கிறேன், தப்பாக இருந்தால் திருத்து. ரெண்டு வருசத்துக்கு முன்னால் புரட்டாசியில், இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தபோது, தெய்வசிகாமணி ஓட்டிக்கொண்டு போன பஸ் வெள்ளிமலையில் மாட்டிக்கொண்டது. மறியல் முடிந்து வண்டியைக் கீழே கொண்டுவந்து நிறுத்தின அன்றைக்கே பஸ் மொதலாளி அவரை வேலையை விட்டு அனுப்பிவிட்டார். காரணம் என்னவென்றால், வண்டி சீட்டுக்குப் போட்டிருந்த வெள்ளைத் துணி உறை எல்லாம் மஞ்சளாக இருந்தது. மஞ்சள் மறியல்காரர்கள் கொடி நிறம், அதனால் டிரைவர் வண்டியை மறியலுக்குக் கொடுத்துவிட்டு இருட்டினதும் கீழே இறங்கி அவர்களோடு சேர்ந்துகொண்டார் என்று மொதலாளி பக்கம் சொல்கிறார்கள். மலையில் சோறு கொடுத்த சின்னக்கண்ணு சாட்சி சொல்ல வருகிறான், ஆனால் அவன் பொழுது சாயும்போது வீட்டுக்குப் போய்விடுவான், ராத்திரி டிரைவர் வண்டியில்தான் இருந்தார் என்று சொல்ல ஆள் இல்லை. மஞ்சள் எப்படி வந்தது என்று நீ எத்தனை தடவை கேட்டும் பெரியப்பா வாயையே திறக்க மாட்டேன் என்கிறார், இந்த ரெண்டுக்கும் பதில் இல்லாவிட்டால் அவருக்கு வேலை திரும்பக் கிடைக்காது என்று எழுதியிருந்தாய். இவ்வளவுதானே. அந்த ரெண்டுக்கும் பதில் என்னிடம் இருக்கிறது அம்மாடி. ராத்திரி அந்த வண்டியில் அவரோடு படுத்திருந்தவன் நான். மஞ்சளும் நான்தான்.

கோபப்படாமல் படி. அந்த வாரம் நான் சின்னக்கண்ணு வீட்டில் இருந்தேன் என்று உனக்கும் உங்கம்மாவுக்கும் சொன்னேன், ஏனென்றால் வழியில் பஸ்ஸை எல்லாம் கல்லால் அடிக்கிறார்கள், போகாதே என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். பஸ்ஸிலேயே படுத்திருந்தேன் என்று சொல்லியிருந்தால் வீட்டில் தனியாக ஒரு மறியல் நடந்திருக்கும். அன்றைக்குக் காலையில் கள்ளக்குறிச்சியில் நான் வண்டி ஏறினபோது தெய்வசிகாமணி எப்போதும்போல, செல்லமுத்து, உன் மீனு மேல குந்தட்டும், நீ உள்ள குந்து என்று சொல்லிக் கூடையை டாப்பில் போடச் சொன்னார். கருவாட்டை உள்ளே விடமாட்டார், அது அவர் சட்டம், இருபது வருசப் பழக்கம். வெள்ளிமலை போய்ச் சேர்ந்து நான் சந்தையில் கூடையை இறக்கப் போகும்போது ஒரு ஜீப்புக்காரன் வந்து கச்சிராயபாளையம் ரோட்டில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், ஒரு வண்டியும் போகாது என்றான். சனங்கள் நடந்தே இறங்கிவிட்டார்கள், கண்டக்டருக்கு வீட்டில் பச்சைக்குழந்தை என்று தெய்வசிகாமணியே அவனை அனுப்பி வைத்துவிட்டார். நானும் இறங்கியிருப்பேன், கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அந்த மலையை இறங்க முடியுமா. சின்னக்கண்ணு வீட்டுல தங்கிக்கலாம், நீயும் வந்துடு டிரைவரே என்று கூப்பிட்டேன். வண்டிய வுட்டுட்டு நான் எங்கயா போவ முடியும், மொதலாளி நாளைக்கு என் வண்டி எங்கடான்னா இன்னா பதில் சொல்றது என்று ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அந்த மொதலாளிதான் இப்போது இவர் வண்டியை விட்டுவிட்டுப் போனார் என்கிறார். மலையில் அந்தப் பக்கம் கரடி வரும். தனியாக இருக்க இவருக்குப் பயம், சொல்லமாட்டார். எனக்கும் பயம்தான். அதனால் நானும் இருந்துவிட்டேன்.

சாயந்திரமானால் மழை. டாப்பில் கூடை நனைந்துவிட்டால் என் பிழைப்பு அவ்வளவுதான். நான் கேட்கவில்லை, அவரே போய் ஏறிக் கூடையை இறக்கி உள்ளே கொண்டுவந்து வைத்தார், இன்னிக்கு ஒரு நாளைக்குத்தான், நாளைக்கு மேல போயிடணும் என்று சொன்னார். மறுநாளும் மழை. ஜன்னலை எல்லாம் சாத்திக்கொண்டு, வாளையும் நெத்திலியும் சுறாவும் நாங்கள் ரெண்டு பேரும் ஒரு வாரம் ஒரே வண்டியில் குடித்தனம். சின்னக்கண்ணு பகலில் சாமைச் சோறு கொண்டுவருவான், மலையில் மாட்டிக்கொண்டவனுக்கு விலை பேசக்கூடாது என்று ஒன்றும் வாங்கிக்கொள்ள மாட்டான், நான் கருவாடு சுட்டுக் கொடுப்பேன். ரோடு திறந்துவிட்டது என்று சேதி வந்த அன்றைக்குத் தெய்வசிகாமணி வண்டிக்குள் மூக்கை விட்டுப் பார்த்துவிட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். மொதலாளி இந்த நாத்தத்தோட வண்டியப் பாத்தா என்னைக் கொன்னுடுவாரு, புது உறைய்யா, போன மாசம்தான் தச்சுப் போட்டாரு என்றார். நான்தான் கவலைப்படாதே என்றேன். நம்ம வீட்டில் மீன் கழுவினால் உங்கம்மா கையில் மஞ்சள்தானே தேய்ப்பாள், வாசம் போய்விடுகிறதா இல்லையா. சின்னக்கண்ணு கொல்லையில் மஞ்சள் இருந்தது. பிடுங்கி, பாறைமேல் வைத்து நசுக்கி, டிரம் தண்ணீரில் கரைத்து, உறையை எல்லாம் கழற்றி முக்கி எடுத்துக் காயப்போட்டேன். வாசம் போய்விட்டது, அதில் குறை சொல்ல முடியாது. வெள்ளைத் துணி என்ன ஆகும் என்று எங்கள் மூணு பேரில் ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. காய்ந்த பிறகு பார்த்தால் மாரியம்மன் கோயில் திருவிழா மாதிரி இருந்தது. பரவாயில்ல, பளிச்சுனு இருக்குது என்று தெய்வசிகாமணி எடுத்து மாட்டிவிட்டார். கச்சிராயபாளையத்தில் நான் கூடையோடு இறங்கிக்கொண்டேன், மிச்சத்தை விற்க வேண்டும். அங்கே மரத்தை ஓரம் தள்ளிக்கொண்டிருந்த ஆட்கள் ஜன்னலுக்குள் மஞ்சளைப் பார்த்துவிட்டு நம்ம வண்டிடா என்று கை தட்டி வழிவிட்டார்கள். இவரும் மரியாதைக்கு ஒரு ஆரன் அடித்துவிட்டுப் போனார். அது மொதலாளி காதுக்கு வண்டிக்கு முன்னாலேயே போய்விட்டது போலிருக்கிறது. அந்த வாரம் வேலைக்கு வராதவர்கள் எத்தனையோ பேரை எத்தனையோ இடத்தில் நிறுத்தினார்கள், இவரையும் அந்தக் கணக்கில்தான் நிறுத்தினார்கள் என்று நான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். மஞ்சள்தான் காரணம் என்று உன் கடிதத்தைப் படித்துத்தான் எனக்குத் தெரியும். கேட்ட ஒதுக்கீட்டை கவர்மெண்டு இந்தப் பங்குனியில் கொடுத்துவிட்டது, மறியல் பண்ணினவர்கள் இனிப்பும் கொடுத்துவிட்டார்கள், அந்த மனுசனுக்கு மட்டும் ரோடு இன்னும் திறக்கவில்லை.

கடிதத்தைப் படித்த மறுநாள் காலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு தெய்வசிகாமணி வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். இப்போது கரும்பு டிராக்டர் ஓட்டுகிறார், கூப்பிட்ட நாளைக்குத்தான் வேலை, வேறு பஸ் மொதலாளி யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை, மறியல் டிரைவர் என்று பேர் ஆகிவிட்டது. அவர் பெண்சாதி சின்னப்பொண்ணு என்னைப் பார்த்ததும், வாங்கண்ணே, நீங்களாவது இந்த மனுசனக் கேளுங்க, தூக்கத்துல கூட கை ஸ்டியரிங் சுத்துது, எம்மூஞ்சியில ரெண்டு வாட்டி கியர் போட்டுட்டாரு, கோர்ட்டுல கேட்டா மட்டும் வாயத் தொறக்க மாட்டேங்கறாரு என்று ஆரம்பித்தாள். நான் போய் அவர் எதிரில் உட்கார்ந்து, இன்னாயா, மஞ்சள் நான் போட்டதுன்னு சொல்லக்கூடாதா, செல்லமுத்து என்கூட இருந்தான்னு ஒரு வார்த்த எம் மவகிட்ட சொன்னா உன் வாய் தேஞ்சா போவுது, எம் பேரச் சொல்ல ஊர்ல ஒருத்தருக்கும் மனசு வராதா என்று கேட்டேன். அவர் பீடியைத் தரையில் தேய்த்து அணைத்தார். அப்புறம் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். உன்னைக் கூண்டுல ஏத்துவாங்க செல்லமுத்து. இன்னா தொழில்னு மொதலாளி வக்கீல் கேப்பான். கருவாடு விக்கிறேன்னுவ. அந்தா நிக்கிற வக்கீலம்மா உனக்கு இன்னா வேணும்னு கேப்பான். எம் மவன்னுவ. ஓகோ, கருவாட்டுக்காரர் மவளான்னு அவன் ஒரு இழு இழுப்பான், மொத்த கோர்ட்டும் சிரிக்கும். அது கறுப்புக் கோட்டு போட்டுகினு தலை நிமிந்து நிக்குதுய்யா. சின்னக்கண்ணுகிட்டயும் மஞ்சளப் பத்தி, உன்னப் பத்திப் பேச வாணாம்னு சொல்லி வெச்சிருக்கேன். எனக்கு வேல வந்தா வருது, வராங்காட்டிப் போவுது, நான் ஆரன் அடிச்சு ஏத்திகினு போன புள்ள அது, அது தலை குனிய வாணாம் என்றார்.

அம்மாடி, கரும்புச் சாறு குடித்த அன்றைக்குக்கூட எனக்கு இவ்வளவு வயிறு எரியவில்லை. உனக்காக வேலையை விட்டுக்கொடுக்கிற இடத்தில்கூட அவர் போய் முதலில் உட்கார்ந்துவிட்டார். அப்பன் என்று நான் ஒருத்தன் எதற்கு இருக்கிறேன், அதையாவது எனக்கு விட்டு வைத்திருக்கலாம் இல்லையா. எழுந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஏரிக்கரை மேல் வரும்போது, அவர் சொன்ன மாதிரி நீயும் நினைக்கிறாயோ, அதனால்தான் அன்றைக்கு மைக்கில் என் பேர் வரவில்லையோ என்று ஒரு நினைப்பு வந்தது. பொய் சொல்லக்கூடாது, வந்தது. வீட்டுக்கு வந்து உங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், பஸ்ஸில் படுத்ததையும் சேர்த்து. அதற்கு வாங்க வேண்டியதை வாங்கிக்கொண்ட பிறகு அவள் சொன்னாள், அவளுக்கா வெக்கம், போன வாட்டி நெத்திலி பொட்டலம் கட்டிக் குடுத்தப்ப பைக்குள்ள கூட வெக்காம மடிமேல வெச்சிகினு மெட்ராஸ் வரைக்கும் போனா, வெக்கம் உனக்குத்தான், லாரிக்காரன் எதிர்ல வாய மூடிகினு வந்தவன் நீ என்றாள். இவளைக் கூண்டில் எதிர் வக்கீலாக நிறுத்தினால் உன் சீனியரே தோற்றுப்போவார்.

ஆகையால் நான் முடிவு பண்ணிவிட்டேன். வருகிற வியாழக்கிழமை ஜட்ஜி கடலூருக்கு கேம்ப் வருகிறார் என்று நீ எழுதியிருக்கிறாய், அன்றைக்கு நானும் சின்னக்கண்ணுவும் வருகிறோம். கடலூர் எனக்குப் புதிது இல்லை, துறைமுகத்தில் இறங்கி ஒருத்தரையும் கேட்காமல் கோர்ட்டுக்கு வந்துவிடுவேன். கூடை கொண்டுவர மாட்டேன். சொந்த அப்பன் சாட்சி எடுபடுமா என்று நீ யோசிப்பாய், அதனால் என்னை நீ விசாரிக்க வேண்டாம், உன் சீனியரை விசாரிக்கச் சொல்லு, நீ கேள்வி கேட்டால் எனக்குச் சிரிப்பு வந்துவிடும், அவர் கேட்டால் வராது, அவர் மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் இருக்கிறது. மஞ்சள் கரைத்ததை நம்பவில்லை என்றால் ஒரு வெள்ளைத் துணியும் ஒரு துண்டு வாளையும் ஜட்ஜி முன்னாலேயே கொடுக்கச் சொல்லு, செய்து காட்டுகிறேன். மொதலாளி வக்கீல் என் தொழிலைக் கேட்டால் சத்தமாகச் சொல்வேன். கோர்ட் சிரித்தால் சிரிக்கட்டும், இருபது வருசமாகச் சந்தையில் நாலு பேரைச் சிரிக்க வைத்துத்தான் விற்கிறேன். இப்படிச் சாட்சி சொன்ன பிறகு மலைக்குப் போக அந்த மொதலாளி வண்டியில் என்னை ஏற்றமாட்டார்கள், ஜீப்புக்காரன் கருவாட்டைப் பார்த்தாலே வேகமாகப் போவான், தெய்வசிகாமணி திரும்ப வேலைக்கு வந்தால்தான் எனக்கும் மலை உண்டு. ஒன்று மட்டும் மறைக்காமல் எழுது. உனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சங்கடமாக இருக்கும் என்றால் ஒரு கார்டு போடு. வராமல் இருக்க மாட்டேன், அந்த மனுசனுக்கு வேலை திரும்பக் கிடைக்காமல் போய்விடும், வருவேன். ஆனால் நீ எனக்கு என்ன வேண்டும் என்று அவர்களாகக் கேட்டால் ஒழிய நானாகச் சொல்லமாட்டேன். கேட்டுவிட்டால் சொல்லிவிடுவேன், அதை மட்டும் என்னால் அடக்க முடியாது.

ஜெயித்த பிறகு கூட்டம் போட்டால் முதல் பேராக என்னைச் சொல்ல வேண்டாம், அவரையே சொல்லு, சித்தப்பா என்று மாற்றிச் சொன்னால் போதும். உடம்பைப் பார்த்துக்கொள். ரிஷிவந்தியம் அர்த்தநாரீஸ்வரர் உன் வாக்குக்குத் துணை இருக்கட்டும், நீ யாருக்காக நிற்கிறாயோ அவர்கள் வீட்டு அடுப்பெல்லாம் எரியட்டும், அந்தப் புண்ணியத்தில் நீ நூறு வயசு நல்லபடியாக இரு. வியாழக்கிழமை காலையில் சாப்பிடாமல் கோர்ட்டுக்கு வராதே, உங்கம்மா எலுமிச்சம் சோறு கட்டிக் கொடுக்கிறாள், உன் சீனியருக்கும் சேர்த்துத்தான். டீக்குச் சர்க்கரை போட்டுக் குடி.

இப்படிக்கு,
உன் அப்பா,
கருவாட்டு வியாபாரி செல்லமுத்து.

கவரை ஒட்டுவதற்கு முன்னால் ஒரு சேதி. கோர்ட்டுக்குப் போக முகம் சுத்தமாக இருக்கட்டும் என்று முனியன் சலூனுக்குப் போனேன். ஜட்ஜி கேட்டால் எப்படி பதில் சொல்லுவ என்று முனியன் கேட்டான். ஆமாங்க ஐயா என்று தலையை ஆட்டிக் காட்டினேன். அப்போது கத்தி மீசையில் இருந்தது. வலது பக்கம் போய்விட்டது. பாதி மீசையோடு கூண்டில் ஏறுவது மரியாதை இல்லை என்று மிச்சத்தையும் எடுக்கச் சொல்லிவிட்டேன். நீ பிறந்ததிலிருந்து என்னை இப்படிப் பார்த்ததில்லை. கோர்ட்டில் தேடிக்கொண்டிருக்காதே. தெய்வசிகாமணிக்குப் பக்கத்தில் மீசை இல்லாமல் உட்கார்ந்திருப்பது நான்தான்.